அந்த வாய் யாருடையது

மார்ச் 3

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை என் மருமகள் மூலம் அவ்வப்போது தெரிந்துகொள்கிறேன். ஆகையால் தனியாகக் கேட்கவில்லை.

போனில் பேசியிருக்கலாம். போன தடவை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் வைத்துவிட்டீர்கள். அதற்கு முந்தின தடவை நான் வைத்தேன். கடிதம் என்றால் அந்த வம்பு இல்லை. நான் ஐந்தாவதுதான் படித்தவள். பிழை இருந்தால் போன கடிதத்தில் செய்ததுபோல் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டாம்.

விஷயம் நம் வாண்டுவைப் பற்றியது. இருபத்து மூன்று வயதாகியும் வாண்டுதான். புதிதாக வரைகிற ஏழு பேருக்கு அந்தப் பெரிய நகரத்தில் கண்காட்சி வைக்கிறார்கள். அதில் நம் பேத்தியும் ஒருத்தி என்று இந்தத் தெருவில் பால் ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும், நான்தான் சொன்னேன். நகரத்தில் அன்றாடம் பார்ப்பதை வரைய வேண்டுமாம். அவளோடு அறையில் தங்கியிருக்கும் சுருட்டைத்தலைப் பெண் பூட்டிய கடைக் கதவுகளாகவே வரைகிறாளாம். நம்மவள் எட்டு மாதமாகப் பதினேழாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போய் வந்து ஆட்களை வரைந்திருக்கிறாள். டிரைவருக்குக்கூட லீவு உண்டு, இவளுக்குக் கிடையாது. நீங்களும் நானும் தனித்தனியாக அவளைப் பார்க்கப் போனபோதுகூட அந்தப் பஸ்ஸில்தான் ஏற்றினாள்.

அதில் தேர்வான படத்தின் நகல் உங்களுக்கும் வந்திருக்கும். பஸ்ஸில் ஒரு கிழவி வாயைத் திறந்து தூங்குகிறாள். கூடவே ஒரு சம்மதப் படிவம். படத்தில் இருப்பவர் கையெழுத்துப் போடாவிட்டால் படத்தை மாட்ட மாட்டார்களாம். மாதக் கடைசிதான் கெடு. யாருடைய முகம் என்று கேட்டேன். "நான் சொல்ல மாட்டேன் பாட்டி. ஒருத்தர் பேரைச் சொன்னா இன்னொருத்தர் வாழ்நாள் பூரா சிரிப்பீங்க. யாரோ அவங்களே போட்டு அனுப்புங்க" என்றாள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மூக்கு உங்கள் மூக்கு. மடியில் இருக்கும் பையின் வாயில் மூன்று ஊக்கு குத்தியிருக்கிறது. ஒரு பைக்கு மூன்று ஊக்கு குத்துகிற ஆள் இந்தப் பூமியில் நீங்கள் ஒருவர்தான். தாமதிக்காமல் கையெழுத்துப் போடவும்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையைப் பெற்றவள்


மார்ச் 9

அன்பார்ந்த சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பிழைகளைத் திருத்தவில்லை. எண்ணிப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

மூன்று ஊக்கைக் கண்ட உங்கள் கண்ணுக்கு, அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியின் காம்பில் பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகியிருப்பது மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று? அது யார் பழக்கம் என்று உங்கள் வீட்டுப் பூனையும் சொல்லும்.

வாயைப் பற்றியும் நானே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் முடிந்து எல்லோரும் வேனில் திரும்பினோமே, அன்று அந்த வாயை எங்கள் பக்கத்து ஆட்கள் பதினோரு பேர் பார்த்தார்கள். என் தம்பி மகன் ஆழம் பார்க்க விரலை நீட்டினான். நான்தான் கையைத் தட்டிவிட்டுக் காப்பாற்றினேன், உங்களை அல்ல, அவனை.

ஆகவே படிவத்தில் நீங்கள்தான் கையெழுத்திட வேண்டும். மறுத்துக் குழந்தையின் எதிர்காலத்தைக் கெடுக்காதீர்கள். இந்தக் கண்காட்சியும் கைகூடாவிட்டால், வண்ணமும் தூரிகையும் போதும், என் ஆபீசில் டைப் அடிக்க வா என்று உங்கள் அருமை மகன் அவளிடம் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்
(எட்டாவது பாஸ்)


மார்ச் 15

சம்பந்தி அம்மாவுக்கு,

வேன் ஞாபகம் இருக்கிற உங்களுக்கு அதே கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படம் ஞாபகமில்லையா? அதில் பதினெட்டுப் பேர் நின்றோம். முகம் பதினேழரைதான். அந்த அரை நான். மீதி அரையை உங்கள் தோள் மறைத்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா இருபத்தைந்து வருஷமாக என் வீட்டுக் கூடத்திலேயே ஒற்றைக் கண்ணோடு தொங்கிக்கொண்டிருக்கிறேன். வாண்டு மூன்று வயதில் என்னிடம் கேட்டாளே, "பாட்டி, அப்ப உனக்கு இன்னொரு கண்ணு முளைக்கலையா?" என்று. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெற்ற பிள்ளையின் கல்யாணப் படத்தில் அரை முகம். இப்போது ஊர் பூராவும் வந்து பார்க்கிற படத்தில் முழு முகமும் வேண்டுமாம், அதுவும் ஈ நுழைகிற மாதிரி வாயோடு. நான் எதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும்?

என் வீட்டுக்காரரிடம் படத்தைக் காட்டி "இது யாருன்னு தெரியுதா?" என்றேன். கண்ணாடியைக்கூடப் போடாமல் "உன் போட்டோ நல்லா விழுந்திருக்கே, எப்ப எடுத்தே?" என்றார். அவர் சாட்சி செல்லாது. அவருக்குக் கண்ணில் புரை.

மாப்பிள்ளையைப் பெற்றவள்


மார்ச் 20

சம்பந்தி அம்மா,

கால் நூற்றாண்டாகக் கேட்காததைக் கேட்டுவிட்டீர்கள். பதிலையும் கேளுங்கள். அன்றைக்குப் போட்டோகாரர் "நெருங்கி நில்லுங்க, நெருங்கி நில்லுங்க" என்று மூன்று முறை கத்தினார். நான் நெருங்கினேன். நீங்கள் பெண் வீட்டாரோடு ஒட்டி நிற்பதா என்று இருந்த இடத்திலேயே நின்றீர்கள். என் தோள் அது போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிற்று.

அது போகட்டும். நேற்று வாண்டு போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது. "ஜலதோஷம் பாட்டி" என்றாள். என் மகளும் கல்யாணமாகிப் போன புதிதில் எனக்கு இந்த ஜலதோஷத்தோடுதான் போன் பண்ணுவாள். சுருட்டைத்தலைப் பெண்ணின் கடைக் கதவுகளை மாட்டியாகிவிட்டதாம். வாண்டுவின் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறதாம்.

பெண்ணைப் பெற்றவள்


மார்ச் 24

சம்பந்தி அம்மாவுக்கு,

அந்த ஆணியை நினைத்து இரண்டு நாளாக எனக்கு எதுவும் ஓடவில்லை.

அது நான்தான்.

படம் வந்த அன்றைக்கே தெரியும். டிக்கெட்டைக் கண்ணாடிக் காம்பில் செருகுகிறவள் நான் ஒருத்திதான். ஊக்கு உங்களுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். படிவத்தில் கையெழுத்துப் போட்டு, என் வீட்டுக்காரரை நம்பாமல் நானே தபால் ஆபீசுக்கு நடந்துபோய்ச் சேர்த்துவிட்டேன். வாய் திறந்தே இருக்கட்டும், ஊர் சிரிக்கட்டும். என் பேத்தி டைப் அடிக்கப் பிறந்தவள் இல்லை.

நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தடவை.

மாப்பிள்ளையைப் பெற்றவள்


மார்ச் 24

சம்பந்தி அம்மா,

இதை நான் எழுதுவேன் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். நானும்தான்.

அது நான். ஒரு பைக்கு மூன்று ஊக்கு குத்துகிறவள் நான்தான். ஒரு முறை பஸ்ஸில் பை திறந்து, என் பல்செட் டப்பா ஊர் பேர் தெரியாத ஒருவரின் காலடிக்கு உருண்டு ஓடியதிலிருந்து குத்துகிறேன். கையெழுத்திட்டுப் படிவத்தை இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். நீங்கள் போட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காகக் குழந்தையின் சுவர் காலியாகக் கிடக்கலாமா?

டிக்கெட் விஷயம் எனக்கு இன்னும் புரியவில்லை.

பெண்ணைப் பெற்றவள்


ஏப்ரல் 14

அன்புள்ள சம்பந்திக்கு,

கண்காட்சியிலிருந்து பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? இந்தத் தடவை கேட்கிறேன், மருமகள் வாயால் தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

அன்று நீங்கள் கை கழுவப் போயிருந்தபோது வாண்டுவைத் தனியாகப் பிடித்தேன். "ஒரு முகத்துக்கு எதுக்கு ரெண்டு கையெழுத்துன்னு அங்கே கேட்டாங்க பாட்டி. ரெண்டு பேரையும் பார்த்துத்தான் வரைஞ்சேன்னு சொன்னேன். டிக்கெட் உங்களுது, ஊக்கு அவங்களுது, மூக்கு பாதிப் பாதி" என்றாள்.

"வாய்?"

"அதை மட்டும் கேக்காதீங்க. செத்தாலும் சொல்ல மாட்டேன்."

கெட்டிக்காரி. நம் இருவரில் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று இப்போது நான் வாதாடப் போவதில்லை.

நீங்கள் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். மூன்று மாடி ஏறிய அசதியில் நாம் இருவரும் படத்துக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனோம் அல்லவா? நான் உங்களுக்கு முன்பே விழித்துவிட்டேன். கண்ணை லேசாகத் திறந்து பார்த்தால், எதிரே இருபது பேர் மூச்சுக் காட்டாமல் நிற்கிறார்கள். ஒருத்தி பக்கத்திலிருந்தவனிடம், "எப்படிச் செஞ்சிருக்காங்க பாரேன், நெஞ்சுகூட ஏறி இறங்குது!" என்றாள். இன்னொருவர் உங்கள் காலடியில் குனிந்து பெயர் அட்டையைத் தேடினார். அந்த நேரத்தில்தான் நீங்கள் விழித்து "என்ன வேணும்?" என்று அதட்ட, மனிதர் அலறிப்போய் சுருட்டைத்தலைப் பெண்ணின் கடைக் கதவில் முட்டிக்கொண்டார். பாவம், நிஜக் கடையாக இருந்தால் திறந்து உள்ளேயாவது போயிருப்பார்.

விழித்தும் நான் ஏன் அசையவில்லை என்று கேட்பீர்கள். உங்கள் தலை என் தோளில் இருந்தது. அசைந்தால் எழுந்துவிடுவீர்களே என்று திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டேன்.

நம்மை அந்தக் கோலத்திலேயே வாண்டு வரைந்துவிட்டாள். அடுத்த கண்காட்சிக்கு அதுதானாம். ஆம், அடுத்ததும் உண்டு. என் மகன் அந்தப் பஸ் படத்தின் முன்னாலேயே ஒரு மணி நேரம் நின்றான். பிறகு "டைப் அடிக்க வேற ஆள் பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொன்னான்.

நகலும் படிவமும் இத்துடன் வைத்திருக்கிறேன். மேல் வரியில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், கீழ் வரி உங்களுக்கு. இதில் என் வாய் மூடித்தான் இருக்கிறது, விழித்திருந்தேன் அல்லவா. உங்கள் வாயைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுத மாட்டேன். நகலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடத்தில் தொங்கிய கல்யாணப் படத்தைப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, அதே ஆணியில் இதன் இன்னொரு நகலை மாட்டியிருக்கிறேன். யாரும் சொல்லாமலே நெருங்கித்தான் உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு இரண்டு கண்ணும் இருக்கிறது. மூடித்தான் இருக்கிறது, ஆனாலும் இரண்டும் இருக்கிறது.

இப்படிக்கு,
வாண்டுவின் பாட்டிகளில் ஒருத்தி