மூட்டைக் கணக்கு பூஜ்யத்துக்குப் போன நாள்

இன்று காலை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஓர் எச்சரிக்கை கொடுத்தது: லாங்ஜம்ப் நடந்தால் இந்த உள்மாறியின் மதிப்பு கெட்டுப்போகலாம் என்று. உன்னைக் கூப்பிடத் திரும்பிவிட்டேன்டி. பக்கத்து நாற்காலியில் யாரோ புதுப் பையன்.

திண்டிவனத்திலிருந்து ரயிலேறி விழுப்புரத்துக்கு வேலைக்குப் போன காலம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை நிறுக்கும் மின்தராசுக்கு நாம் இருவரும் சி மொழியில் நிரல் எழுதினோம். எடை வாசிப்பதில் பிழை வந்தால், நிரல் எங்கிருந்தாலும் செட்ஜம்ப் வைத்த இடத்துக்கே லாங்ஜம்பில் தாவித் திரும்பும். அலுவலகத்தில் சோதித்தபோது ஒழுங்காகத்தான் இருந்தது. மண்டியில் வைத்ததும் ஒரே தாவலில் எண்ணிய மூட்டையெல்லாம் பூஜ்யம்.

கெடாரிலிருந்து வந்திருந்த விவசாயி கத்தினார். "இன்னாம்மா இது? காலைலேர்ந்து நிறுத்துக்கினு இருக்கோம், ஒண்ணுமே வரலன்னு காட்டுது!"

நான் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். நீ சிரித்தாய், பாவி.

"பேஜாராவாதடி. இங்க ஆப்டிமைசேஷன் போட்டுக் குடுத்துட்டோம். வேகத்துக்காக கம்பைலர் கணக்க ரெஜிஸ்டர்லயே, கையில வச்சிக்கினு ஓடுற மாதிரி வச்சிருக்கு. தாவுனா ரெஜிஸ்டர் பழைய நெலமைக்குப் போயிடும். மெமரில எறக்கி வச்சிருந்தா அப்படியே இருந்திருக்கும்."

மதிப்பை மெமரியிலேயே வைக்கச் சொல்லும் வாலடைல் என்ற ஒரு சொல்லை மாறிக்கு முன்னால் சேர்த்தாய். கணக்கு அழியாமல் நின்றது. அன்றிலிருந்து தேவையில்லாத இடத்திலும் அதைப் போட்டு உன்னிடம் திட்டு வாங்கினேன்.

தலையில் அறுவை முடிந்து நீ கண் விழித்த அன்று என்னை அடையாளம் தெரியுமா என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். என் பெயரைச் சொன்னாய். நிம்மதியில் அழுதுவிட்டேன். அடுத்துக் கேட்டாய்: "அம்மா கெளம்பிட்டாங்களா?"

உன் அம்மா போய் வருஷம் திரும்பியிருந்தது. அந்தத் துக்கம் முழுவதும் உன்னிடமிருந்து அழிந்துபோயிருந்தது. உண்மையைச் சொல்ல உன் அண்ணன் வாயெடுத்தார். அவர் கையை இறுக்கிப் பிடித்தேன். தப்பான மதிப்பைத் திருத்தாமல் எனக்குச் சோறு இறங்காது, உனக்கே தெரியும்.

"கெளம்பிட்டாங்கடி. கூட்டேரிப்பட்டு தாண்டிட்டாங்களாம்."

"பஸ்ல எடம் கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சி. ஜன்னலோரம்."

வாசலைப் பார்த்தபடியே தூங்கினாய். பிறகு நீ எழவில்லை. அம்மா இறந்த துக்கத்தை உன் பங்கும் சேர்த்து நான் வைத்திருக்கிறேன். உன்னிடம் அதைத் திருப்பிக் கொடுக்கவே மாட்டேன்டி.