முன்னறையில் வைத்த ஒப்பம்

புத்தூர்,
12.1.1964

அன்புள்ள மாஸ்டருக்கு,

உங்களிடம் படித்த கமலாவதி எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். உங்கள் இருமல் எப்படி?

ஐப்பசியில் உங்கள் வீட்டு முன்னறையில் எனக்கும் ஆழ்வாப்பிள்ளை அண்ணைக்கும் காணிப் பிணக்கைத் தீர்த்து வைத்தீர்கள், உறுதிப் பத்திரத்திலும் கையொப்பம் வைத்தோம். இப்போது அண்ணை கிணற்றடிக்கே விடுகிறாரில்லை. "உறுதியிலை உனக்குக் கிணத்துப் பங்கு இல்லையடி" என்கிறார். புகையிலைக் கன்றெல்லாம் வாடுகிறது.

அன்று நான் கண்ணாடியை மறந்து வந்தேன். எனக்கு வக்கீலாய் வந்த பிறக்கிராசி சோமசேகரம், "கிணத்துப் பங்கு எழுதியிருக்கு, பயப்பிடாமல் ஒப்பம் வையுங்கோ" என்றார். அந்த மனிசன் எனக்குத் தெரியாமல் அண்ணைக்கும் பிறக்கிராசியாய் வேலை பார்த்திருக்கிறார். கொழும்பு நீதிமன்றத்துக்கு அவர்மேல் முறைப்பாடு அனுப்பினேன். தான் அப்படிச் சொல்லவேயில்லையாம்! அண்ணையும் அவர் பக்கம். எனக்கு நீங்கள்தான் சாட்சி. வருவீர்களா?

பணிவுடன்,
கமலாவதி


தெல்லிப்பழை,
19.1.1964

அன்பான பிள்ளை கமலாவதிக்கு,

இருமல் குறைவு. உமது கடிதம் கண்ட நாள்முதல் சோறு இறங்குதில்லை.

"இந்த அறையிலை கதைச்சது இந்த அறையோடை" என்று நான் வேதப்புத்தகத்தில் கை வைத்தேன். நீங்கள் இருவரும் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தீர்கள். அதை நம்பித்தானே, அண்ணன் வெளியே நின்ற நேரம், உம்முடைய புருஷன் எல்லை வேலிக் கதியாலை அண்ணன் காணிக்குள் இரண்டடி தள்ளி நட்டதை அழுது சொன்னீர்? நான் வாய் திறந்தால் அதையும் கேட்பார்கள். பிறகு ஆர் என்னை நம்பிச் சமாதானத்துக்கு வருவினம்? என்னை மன்னித்துக்கொள்ளும்.

ஐசாக்


புத்தூர்,
27.1.1964

அன்புள்ள மாஸ்டருக்கு,

கதியால் விஷயத்தை நானே அண்ணையிடம் சொல்லிவிட்டேன். வேலியைப் பிடுங்கி இரண்டடியும் விட்டுக்கொடுத்தாயிற்று. வாய்க்கு வந்தபடி ஏசினார், கேட்டுக்கொண்டு நின்றேன். தண்ணீர் இன்னும் இல்லை.

என் இரகசியத்துக்கு இனிக் காவல் வேண்டாம், மாஸ்டர். சத்தியத்தை மீறச் சொல்வது பாவந்தான். ஆனால் அந்த மனிசன் நாளைக்கு இன்னொருத்திக்கும் இதைத்தானே செய்வார்? விசாரணை பெப்ரவரி இருபதில்.

கமலாவதி


தெல்லிப்பழை,
4.2.1964

அன்பான பிள்ளை,

இதை நாலு தரம் எழுதிக் கிழித்தேன்.

கண்ணாடி இல்லையென்று அந்தக் கடதாசியை என்னிடம் நீட்டி, "வாசிச்சுச் சொல்லுங்கோ மாஸ்டர்" என்றீர். நான் மேலாகப் பார்த்ததாக நீர் நினைத்திருப்பீர், முழுதும் வாசித்தேன். கிணறு அதில் இல்லை என்று கண்டேன். கேட்டால் எல்லாம் குழம்பும், மூன்று நாள் பேசிச் சேர்த்த சமாதானம் உடையும், எனக்கும் பேர் கெடும் என்று நினைத்து, "ஓம் பிள்ளை, வையும்" என்றேன். அந்த "ஓம்" தான் என்னைத் தின்கிறது.

சத்தியம் சத்தியம் என்று எழுதினேனே, அதற்குப் பின்னால் ஒளித்திருந்தது நான். எனக்கு வெட்கமாயிருக்கிறது. இக்கடிதத்தை விசாரணையில் காட்டும். பெப்ரவரி இருபதில் நானும் வருவேன். பிறக்கிராசி சொன்னதையும் நான் செய்ததையும் சொல்வேன், மற்றதொன்றும் சொல்லேன். அதற்குப் பிறகாவது ஒருதரம் வீட்டுக்கு வாரும்.

ஐசாக்


புத்தூர்,
25.2.1964

திரு. ஐசாக் அவர்களுக்கு,

நீங்கள் வந்து சாட்சி சொன்னதற்கு நன்றி. பிறக்கிராசியின் பெயரை வக்கீல்மார் பதிவிலிருந்து வெட்டக்கூடும் என்கிறார்கள். அண்ணை கிணற்றடியைத் திறந்து விட்டிருக்கிறார். கன்றுகளில் பாதி தப்பும்.

வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தீர்கள். அந்த முன்னறைக்குள் வர எனக்குக் கால் எழும்பாது. உங்களில் கோபம் இல்லை. இருமலுக்குத் தூதுவளை காயவைத்து அனுப்பியிருக்கிறேன்.

இப்போது எங்கே போனாலும் கண்ணாடியைக் கொண்டுதான் போகிறேன்.

கமலாவதி