செருப்பை ஒளித்து வைத்தவன்

மார்ச் 4

தம்பி தங்கியிருக்கும் இல்லத்தில், அவனைப் பார்த்துக்கொள்ளும் பெண் சில தாள்கள் கொடுத்தாள். அவனுக்கு எது முக்கியம், எப்படி இருந்தால் அவனுக்கு நல்ல நாள் என்று நான் எழுத வேண்டுமாம். அவன் அதிகம் பேசமாட்டான். "ஐம்பத்திரண்டு வயசுக் குழந்தைம்மா" என்றேன்.

"குழந்தை இல்ல டீச்சர். ஐம்பத்திரண்டு வயசு ஆளு."

நறுக்கென்று சொன்னாள். நான் விழித்ததைப் பார்த்து, "மொதல்ல உங்களப் பத்தி எழுதிப் பாருங்க, பழகிடும்" என்றாள். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவளுக்கு வீட்டுப்பாடம்!

மார்ச் 6

என்னிடம் பிறர் விரும்புவது: பொறுமை.

எனக்கு நல்ல நாள்: யாரும் என் அறைக் கதவைத் தட்டாத நாள்.

எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்தேன். அவன் இல்லத்துக்குப் போய் ஒன்பது வருடம், யாரும் தட்டவில்லை. அத்தனையும் நல்ல நாள்தானா?

மார்ச் 7

அவன் இருந்த பக்கத்து அறையில் தட்டும் சத்தம். போய்ப் பார்த்தேன். கட்டில்கூட இல்லாத அறை.

மார்ச் 9

அடுத்த தாளில் மூன்று கட்டங்கள். அவர் செய்வது, அதன் அர்த்தம், நாம் செய்வது. சின்ன உதாரணத்தில் தொடங்குவதுதான் என் வழக்கம்.

செய்வது: காலையில் என் செருப்பை ஒளித்து வைப்பான்.

அர்த்தம்: பிடிவாதம்.

நான் செய்தது: பள்ளிக்கு நேரமாகிறதென்று கத்தினேன். ஒரு தடவை அடித்தேன். பிறகு, அவன் நல்லதுக்குத்தான் என்று சொல்லி இல்லத்தில் கொண்டுபோய் விட்டேன்.

அர்த்தம் தப்பு. செருப்பு இல்லாட்டி அக்கா எங்க போவா? அதத்தானேடா சொன்னே. எந்தப் பிள்ளையோட கிறுக்கலையும் படிச்சிடுவேனே — இது எப்படிப் புரியாமப் போச்சு எனக்கு?

மார்ச் 10

அழைத்து வந்துவிடுவேன். அறையைக் கழுவிக் கட்டில் வாங்கிப் போட்டேன்.

மார்ச் 14

"அவரையும் கேக்கணும்ல டீச்சர்?" என்றாள் அந்தப் பெண். தரையில் சாக்பீஸால் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்கள் போட்டாள். நெருக்கமானவர்களின் படங்களை உள்ளே, மற்றவர்களை வெளியே அவனே வைக்க வேண்டும். இல்லத்துச் சமையல்காரரை நட்டநடுவில் வைத்தான். என் படத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பிறகு கடைசி வட்டத்தில், பல் டாக்டருக்குப் பக்கத்தில்.

"பல் டாக்டர ரெண்டு வருஷம் வட்டத்துக்கே வெளியதான் வச்சிருந்தாரு. நீங்க பரவாயில்ல" என்று சிரிக்க வைக்கப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுக்கு வர்றியாடா?"

அவன் போய்ச் சமையல்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அவர்தான் பாவம், என் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்.

மார்ச் 15

மறுபடி தட்டும் சத்தம். எழுந்து போகவில்லை. "இருக்கேன்டா" என்றேன், சுவரைப் பார்த்து.

ஏப்ரல் 23

மாதம் ஒருமுறை போனவள் இப்போது வாரம் இரண்டு நாள் போகிறேன். எதுவும் கேட்பதில்லை. இல்லத்துச் சமையலறையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறேன். அவன் என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இன்று எனக்கு இருமல் நிற்கவே இல்லை. அவன் தன் தம்ளரை என் பக்கம் நகர்த்தினான். பாதி குடித்த தண்ணீர்.

குடித்தேன்.