இருபத்துமூன்றாவது கடிதம்

வாசா, பின்லாந்து
அக்டோபர் 9

அன்புத் தோழி இர்யாவுக்கு,

கெர்த்து எழுதுகிறேன். லிஸ்பனில் இன்னும் வெயில் இருக்கும். இங்கே முதல் பனி விழுந்துவிட்டது.

ஞாயிறன்று முதியோர் இல்லத்தில் உன் அம்மாவைப் பார்த்தேன். சால்மன் சூப் இரண்டு கிண்ணம் குடித்தார். மூச்சுதான் முன்னைவிட வாங்குகிறது. "ஏண்டி கெர்த்து, ஓவியர் கெட்டோலா இந்த லெம்பியைத்தான் வரைஞ்சாருன்னு மியூசியக்காரங்க ஒத்துக்கிட்டாங்களாமே! எழுபது வருஷமா என்னைப் புளுகின்னு சொன்னவங்க மூஞ்சிய எங்க வச்சுக்குவாங்க?" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

தொலைபேசியில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். மியூசியக்காரர்களை ஒத்துக்கொள்ள வைத்த கெட்டோலாவின் கடிதத்தைக் கண்காட்சிக்காகப் படமெடுக்க, அங்கிருந்து தூமஸ் சென்ற வாரம் எங்கள் ஆவணக் காப்பகத்துக்கு வந்தார். கெட்டோலாவின் தாள்களுக்கு முப்பது வருடத்துக்கு முன் நான் தயாரித்த விவரப்பட்டியல்தான் இன்றும் வழிகாட்டி. எந்தப் பெட்டி, எந்த உறை, எத்தனை தாள் என்று எல்லாம் அதில் இருக்கும். தூமஸ் எண்ணிப் பார்த்துவிட்டு, "உங்க பட்டியல்ல இருபத்திரண்டு கடிதம். உறையில இருபத்துமூணு இருக்கே. கடிதம் குட்டி போடுமா என்ன?" என்றார். நான் தவறாக எண்ணியிருப்பேன் என்று சொல்லி அனுப்பினேன்.

நான் தவறாக எண்ணவில்லை, இர்யா. கெட்டோலா தன் தம்பிக்கு 1952-இல் எழுதியதாக இருக்கும் அந்தத் தட்டச்சு நகலில், முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருக்கிறது. அந்த எண்கள் நம் நாட்டுக்கு வந்தது 1971-இல். பதிவேட்டைப் புரட்டினேன். அந்த உறையைக் கடைசியாக வாங்கிப் படித்தது, மே மாதம், நீ.

அன்று முழுக்க உன்மேல் கோபம். பிறகு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து எல்லாத் தாளையும் பார்த்தேன். பதினொன்றாவது பெட்டியை அந்தக் காலத்தில் நான் சோம்பலில் "இதர வீட்டுச் சீட்டுகள்" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அதற்குள், விறகுக்காரனின் ரசீதுகளுக்கு நடுவே, ஒரு பென்சில் படம். வலை பின்னும் பெண். முகத்தில் வாய் மட்டும் இல்லை. பின்புறம் கெட்டோலாவின் கையெழுத்தில்: "லெம்பி. ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தமாட்டாள். வாயை நாளைக்கு வரையவேண்டும்."

உன் அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. என் பட்டியலில் அந்த ஒரு வரியை ஒழுங்காக எழுதியிருந்தால், நீ அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்திருக்கவே வேண்டாம். அந்தப் பழி என்னுடையது.

ஆனால் இப்போது இதை எடுத்து நீட்டினால் யார் நம்புவார்கள்? நாளை அஞ்சல் எண் தூமஸின் கண்ணில் படும். இரண்டும் ஒரே கை வேலை என்பார்கள். உன் அம்மா மறுபடியும் புளுகியாவார், இந்த முறை மியூசியச் சுவரில்.

உன் கடிதத்தை நான் சத்தமில்லாமல் உருவி எறிந்துவிடலாம். இரண்டு நாள் அதையேதான் நினைத்தேன். என்னால் முடியவில்லை. வரும் பதினெட்டாம் தேதி தூமஸுக்கு எல்லாவற்றையும் எழுதப்போகிறேன். அதற்கு முன் நீ வந்து உன் வாயால் சொல்லிவிடு. நீ சொன்னால்தான் அந்தப் படம் பிழைக்கும். நான் பக்கத்திலேயே நிற்பேன்.

படத்தை உன் அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை. அதைக் காட்டவேண்டியவள் நீ. அதுவரை அவர் மூச்சு நிற்காதிருக்கட்டும். வந்துவிடு, இர்யா.

என்றும் உன்,
கெர்த்து