போய்ப் பார்த்தோம் என்று சொன்ன குரல்

என் பொடிசுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நல்லபடியாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்கினேன். முப்பத்திரண்டு வயதுக்காரியைப் பொடிசு என்கிறாளே என்று முகத்தைச் சுளிக்காதே, உனக்கு அறுபது ஆனாலும் எனக்கு நீ பொடிசுதான். பதினேழு நாளாக நான் போனில் பேசவில்லை என்று அப்பாவிடம் கத்தினாயாம், அந்த மனுஷனைத் திட்டாதே, அவர்மேல் தப்பில்லை. போனில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் நான் ஏன் தபால்தலை வாங்க அலையப்போகிறேன்? அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, வீம்பு மட்டும் வடியவில்லை. தண்ணீர் மோட்டாரைத் தானே கழற்றி மாட்டினார், இப்போது அது ஓடுகிறது, நிற்கத்தான் மாட்டேன் என்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதானே என்று கேட்பாய், அதையும் சொல்கிறேன்.

நீ எட்டாவது படிக்கும்போது பாலத்துக்கு இந்தப் பக்கத்தவரும் அந்தப் பக்கத்தவரும் அடித்துக்கொண்டு ஒன்பது பேர் செத்துப்போனது உனக்கு மறந்திருக்காது. யாரோ கிளப்பிவிட்ட ஒரு பொய், அதை ஒருத்தரும் போய்ப் பார்க்கவில்லை. அதற்கப்புறம்தான் இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஆறு பேர் சேர்ந்து எங்கள் குழுவைத் தொடங்கினோம். ஒரே ஒரு விதிதான். எந்தப் பேச்சு கிளம்பினாலும் இங்கிருந்து ஒருவரும் அங்கிருந்து ஒருவரும் பாலத்து நடுவில் மூன்றாவது விளக்குக் கம்பத்தடியில் சந்தித்து, சேர்ந்து நடந்துபோய், கண்ணால் பார்த்துவிட்டு வரவேண்டும். பெரும்பாலும் நானும் அந்தப் பக்கத்துத் தையல்காரரும்தான் போவோம், உன் யூனிஃபார்மை வருஷாவருஷம் நீளம் கூட்டித் தைத்துக் கொடுப்பாரே, அவர்தான். நான் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்ததால் அந்த மைக்கிலேயே இரண்டு கரைக்கும் கேட்கும்படி, போய்ப் பார்த்தோம், அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்வேன். அவ்வளவுதான், கடை திறந்துவிடும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடும். எல்லார் கையிலும் போன் வந்தபிறகு அதையே குரல்பதிவாக இரண்டு பக்கத்து குரூப்பிலும் போட ஆரம்பித்தேன். அப்போது தையல்காரர், என் குரலும் அதுல இருக்கட்டுங்க அக்கா என்று கேட்டார். உங்க குரல் பாத்திரம் தேய்க்கிற மாதிரி இருக்கு, நான் ஒருத்தி போதும் என்று சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால் எனக்குத் தொண்டை வீங்கிக் குரல் சுத்தமாகப் போய்விட்டது. ஒரு வாரம் வாயைத் திறக்கக்கூடாது என்றார் டாக்டர். கல்யாணமான நாளிலிருந்து இன்னைக்குத்தான் வீடு அமைதியா இருக்கு என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். தேர்தலன்று சீக்கிரமே ஓட்டுப் போட்டுவிட்டு வந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். பத்து மணி இருக்கும், அப்பாவின் போனிலிருந்து என் குரல் வருகிறது. போய்ப் பார்த்தோம், அந்தப் பக்கத்தவர்கள் பள்ளிக்கூடத்தின் பின்கதவை உடைத்து ஓட்டுப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள் என்கிறது. பேசுவதற்கு முன்னால் நான் லேசாகச் செருமுவேனே, அது உட்பட இருந்தது. அப்பா எழுந்து வந்து, மூன்று நாளாகப் பேசாத என் வாயைப் பார்த்து, இதை எப்ப சொன்ன என்று கேட்டார். அடி பொடிசு, இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் நடத்திய மனுஷன் என் எதிரிலேயே நின்று கேட்டார். ஊரை நான் எப்படிக் குறை சொல்வேன்?

அந்தப் பக்கத்து குரூப்பில் அதே குரல், இந்தப் பக்கத்தவர்கள்தான் பெட்டிகளைத் தூக்குகிறார்கள் என்று சொல்லியிருக்கிறது. நான் செருப்புக்கூடப் போடாமல் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். இப்போது இருக்கும் அறிவிப்பாளர் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தாள். மைக்கைப் பிடித்துப் பொய், பொய், நம்பாதீர்கள் என்று கத்தினேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை, காற்றுதான் வந்தது. யாரும்மா அது, அறிவிப்பம்மா பேர்ல தவளை மாதிரி கத்துறது என்று கீழே ஒருவன் கேட்டான், இன்னொருவன் வந்து ஒயரைப் பிடுங்கிவிட்டான். அவர்கள் காதுக்குப் போனில் இருந்தவள்தான் நான், எதிரில் நின்றவள் யாரோ. ஒருத்தராவது பள்ளிக்கூடம்வரை போய் எட்டிப் பார்த்திருந்தால் பின்கதவில் பூட்டு தொங்குவது தெரிந்திருக்கும். பார்க்கத்தான் நாங்கள் இருக்கிறோமே என்று ஊரை நடக்கவிடாமல் பழக்கினது நாங்கள்தான், என் குரல் வந்தால் போதும் என்று பழக்கினது நான்தான்.

மூன்றாவது கம்பத்தடிக்குப் போனேன். தையல்காரர் அங்கே இல்லை. அவர் வந்து சேர்வதற்குள் இரண்டு பக்கமும் பாலத்தில் ஏறிவிட்டது. இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒருவர் அந்தப் பக்கத்துப் பால்காரர். இன்னொருவர் நம் எலக்ட்ரீஷியன், நீ சின்ன வயதில் வயர்மாமா என்று கூப்பிடுவாயே, அவரேதான். சண்டைக்குப் போகவில்லை, விலக்கிவிடத்தான் போனார். தையல்காரருக்கு வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. அந்தப் பக்கத்து இரண்டு ஓட்டுச்சாவடியையும் மூடினார்கள், திரும்பத் திறக்கவில்லை. ஆயிரத்து எண்ணூறு பேர் ஓட்டுப் போடவில்லை, ஜெயித்தவர் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தார். பாலத்தின் குறுக்கே கேட் போடுவேன் என்று பேசித்தான் ஓட்டுக் கேட்டார், நேற்று கம்பி வந்து இறங்கிவிட்டது.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். உங்க குரல் எட்டு வருஷமா எல்லார் போன்லயும் கிடக்கும்மா, மிஷினுக்கு ஒரு நிமிஷப் பேச்சு போதும், அதே குரல்ல எதை வேணும்னாலும் பேசிடும், எவன் பண்ணினான்னு எங்க போய்த் தேடுறது என்று கையை விரித்துவிட்டார். குரல் திரும்பியதும் குழுக்காரர்கள் சொன்னதால், அது நான் இல்லை என்று முகம் தெரியும்படி வீடியோ எடுத்துப் போட்டேன். கீழே என்ன எழுதினார்கள் தெரியுமா? மிரட்டிச் சொல்ல வைத்திருக்கிறார்கள் என்று பாதிப் பேர், இதுதான் மிஷின் செய்தது, கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது என்று மீதிப் பேர். என் கண்ணுக்கு என்னடி குறை?

போன வாரம் தையல்காரரைப் பார்க்கப் போனேன். அவர் மனைவி பாதிக் கதவுதான் திறந்தாள். அவர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தைக்கும் மிஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். என்னை விட்டுட்டு நீங்க மட்டும் போய்ப் பாத்துட்டீங்கன்னு நினைச்சேங்க அக்கா, அதுதான் எனக்குப் பொறுக்கலை, அதனாலதான் கம்பத்தடிக்கு உடனே வரலை என்றார். அது நான் பேசினது இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். தெரியுது அக்கா, ஆனா இப்ப நீங்க பேசும்போதும் அந்தக் குரல்தானே கேக்குது என்றார். பத்தொன்பது வருஷம் ஒன்றாக நடந்தோம். நான் எழுந்து வந்துவிட்டேன். சனிக்கிழமை குழுக் கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாற்காலி போட்டேன், மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் இந்தப் பக்கம். நாற்காலிகளை நானே அடுக்கி வைத்துவிட்டு வந்தேன். இனி அவற்றை எடுத்துப் போடுவேன் என்று தோன்றவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று உனக்கு எழுத ஆசைதான், பொய் எழுதக் கை வரவில்லை.

நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. அங்கேயும் தேர்தல் வருகிறது என்றாயே, கூட்டமாக எங்கே ஓடினாலும் நீ ஓடாதே. நீயும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டு, நோய்நொடி இல்லாமல் நீண்டநாள் வாழவேண்டும். என் குரலில் யார் கூப்பிட்டு, அப்பாவுக்கு முடியவில்லை, ஓடி வா என்று அழுதாலும் கிளம்பாதே, என் கையெழுத்தில் வந்தால்தான் நிஜம். கடிதம் வந்துசேரப் பன்னிரண்டு நாள் ஆகுமே என்பாய், ஆகட்டும்.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. உன் போனில் சேர்த்து வைத்திருக்கும் என் குரல் எல்லாவற்றையும் அழித்துவிடு. ஆறு மணி வண்டி புறப்படத் தயாராக உள்ளது, பொடிசு உடனே எழுந்திருக்கவும் என்று விளையாட்டுக்குப் பேசி அனுப்பினேனே, தினமும் அதைக் கேட்டுத்தான் கண்விழிக்கிறேன் என்றாயே, அதையும் சேர்த்துத்தான். இனி காலையில் நீயாகவே எழுந்துகொள் கண்ணு.

இப்படிக்கு,
தன் கையாலேயே எழுதிய
உன் அம்மா