சிவப்பு ஷூ போட்ட சேமிப்பு

அக்கா,

"உன் ஓட்டைக் கையில காசு ஒரு நாளாவது தங்குமாடா?" என்று நேற்று கத்தினாயே, தங்கப்போகிறது! முதல் சம்பளத்தில் வாங்கிய சிவப்பு ஷூவைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். அந்தப் பணம்தான் என் மாதச் சேமிப்புக் கணக்கின் முதல் தவணை. காலையிலேயே விண்ணப்பம் போட்டாயிற்று. ஐந்து வருடம் தொடவே முடியாது. என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

நீ டியூட்டி முடிந்து வந்ததும் சாப்பிடு. முட்டை அவித்திருக்கிறேன், இரண்டில் ஒன்று என்னுடையது. நான்கு மணிக்கு முகவரி சரிபார்க்க வங்கிக்காரர் வருவார். "தம்பி எப்படி?" என்று கேட்டால் தயவுசெய்து உண்மையைச் சொல்லாதே. அவர் தலையாட்டினால்தான் கணக்கு திறக்கும்.

சாவி எதிர்வீட்டு அத்தையிடம்.

பி.கு: என் பழைய செருப்பு அறுந்துவிட்டது, அதனால் உன் நீலச் செருப்பில் போகிறேன். ஊரே பார்க்கட்டும், வருங்காலப் பணக்காரன் இப்படித்தான் நடப்பான்.

இன்னொன்று: எனக்கு ஏதாவது ஆனால் பணம் யாருக்கு என்று படிவத்தில் கேட்டார்கள். யோசிக்கவே இல்லை, உன் பெயரைப் போட்டுவிட்டேன். ஆகவே இனிமேல் நீ சமைத்ததை முதலில் நீ சாப்பிட்டுக் காட்டு.