மாரிசெல்வியின் இடது முட்டி

ஜனவரி 7, புதன்

விவாதப் போட்டிக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு ‘ஆதரவு’ விழுந்தது. தலைப்பு: ‘கல்லூரி விளையாட்டுப் போட்டிகளில் பந்தயம் கட்டுவதைச் சட்டபூர்வமாக்கலாமா?’ தமிழ்த்துறை செல்லச்சாமி சார் வாசித்து முடித்ததும் வகுப்பே சிரித்தது. நம் பக்கத்தில் இன்றைக்கு மழை பெய்யுமா பெய்யாதா என்பதற்கே பந்தயம் கட்டுகிற ஆட்கள் உண்டு. இதில் சட்டம் வேறா?

எந்தப் பக்கம் விழுந்தாலும் பேசிவிடுவேன். திமிர்தான். ‘ஏ கற்பகவல்லி, ஒனக்கு வாய் மட்டும் இல்லன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும்’ என்று அம்மா சொல்வது சும்மா இல்லை.

பஸ்ஸில் வரும்போதே குறித்துவிட்டேன். தடை போட்டாலும் திருட்டுத்தனமாக நடக்கிறது. உரிமம் கொடுத்தால் யார் நடத்துகிறார்கள் என்று தெரியும், வரி வரும். அந்த வரியில் எங்கள் பெண்கள் கபடி அணிக்கு ஒரு மேட் வாங்கலாம். இப்போது கட்டாந்தரையில்தான் விழுந்து எழுந்திருக்கிறார்கள்.

மேட் பாயின்ட் பிரமாதம். மாரியிடம் சொல்ல வேண்டும்.

ஜனவரி 9, வெள்ளி

கபடி அணிக்கு ஸ்கோர் எழுதுவது என் வேலை. ஆடத் தெரியாதவளுக்குக் கொடுத்த கௌரவம்! ஆனால் மைதானத்தில் மாரிசெல்வியைப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

சரித்திரம் மூன்றாமாண்டு. அச்சங்குளம். சனி ஞாயிறு அம்மாவோடு பட்டாசு ஆலைக்குப் போகிறாள், மற்ற நாள் கல்லூரிக்கு வருகிறாள். ஆலையில் அறைக்குள் போவதற்கு முன் ஒரு செப்புத் தகட்டைத் தொட வேண்டுமாம். உடம்பில் மின்சாரம் இருந்தால் இறங்கிவிடும். அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு ரெய்டுக்கு முன்னும் ஒரு விரலால் தரையைத் தொட்டுவிட்டுத்தான் கோட்டைத் தாண்டுவாள். அப்புறம் அவளைப் பிடிக்க முடியாது. இன்று பையன்கள் அணியோடு பயிற்சி ஆட்டம். ஏழு பேர் நின்றார்கள், மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தாள். வந்து மூச்சு வாங்கக்கூட இல்லை, என்னிடம் ‘எழுதிட்டியா?’ என்றாள்.

எனக்கு இவளைப் பார்த்தால் பொறாமை வர வேண்டும். வரவே மாட்டேன் என்கிறது.

ஜனவரி 12, திங்கள்

மேட் பாயின்ட்டைச் சொன்னேன். கேட்டுச் சிரித்தாள்.

‘மேட்டு நல்லதுதான். ஆனா லைசென்ஸ் குடுத்தா எல்லாம் சரியாப் போகும்ங்கியே, எங்க கம்பெனிக்கும் லைசென்ஸ் இருக்கு புள்ள. கதவுல நாலு பேருதான் இருக்கணும்னு பெயிண்ட்ல எழுதியிருக்கும். எழுத்து நல்லா முத்து முத்தா இருக்கும். உள்ள நாங்க ஒன்பது பேரு இருப்போம்.’

‘அதிகாரிக வர மாட்டாங்களா?’

‘வருவாக. அன்னைக்கு நாலு பேரு இருப்போம்.’

‘அப்போ லைசென்ஸே வேண்டாம்ங்கியா?’

‘அப்படிச் சொல்லல. லைசென்ஸ் இல்லாத எடத்துல வெடிச்சா கள்ளப் பட்டாசும்பாக. லைசென்ஸ் இருக்குற எடத்துல வெடிச்சா விபத்தும்பாக. சாகுறது எங்க ஆளுகதான். நீ அத யோசிச்சுப் பேசு.’

ஐந்து நிமிட இடைவேளையில், கையில் வடையோடு சொன்னாள். நான் ஐந்து நாளாகத் தயார் செய்ததில் பாதி போய்விட்டது. எதிரணியில் இவள் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கரும்பு கடித்து ஈறு கிழிந்தது. பேச்சுப் பயிற்சி இல்லை.

ஜனவரி 20, செவ்வாய்

நாளை மறுநாள் மண்டல இறுதிப் போட்டி. பயிற்சி முடிந்ததும் மாரி என்னை உடை மாற்றும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். டிராக் பேன்ட்டைச் சுருட்டிக் காட்டினாள். இடது முட்டி வீங்கிப் பந்து மாதிரி இருந்தது. பொங்கல் லீவு பூராவும் ஆலைக்குப் போயிருக்கிறாள். நாள் முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்து வெடி அடுக்கினால் என்ன ஆகும்?

‘கோச் சார்ட்ட சொல்லீராத. வெளிய உக்கார வச்சிருவாரு. துணி மட்டும் இறுக்கிக் கட்டிவிடு.’

கட்டிவிட்டேன். வலிக்கிறதா என்று கேட்டேன். ‘வலிக்காம இருக்குமா?’ என்று சொல்லிவிட்டு நொண்டாமல் நடந்து போனாள். வாசல் தாண்டும்வரை நொண்டவே இல்லை. என்ன பிறவி இவள்!

எங்கள் ஊர் ஆமத்தூருக்கு வந்து சேர்ந்தும் மனசு ஆறவில்லை. சாப்பிடும்போது அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். முட்டி எம்புட்டு வீங்கியிருக்கிறது, எப்படித் துணி கட்டினேன், எப்படி நடந்தாள், எல்லாம். ‘அந்தப் பிள்ளைக்கு நெஞ்சுரம்தான்’ என்றாள் அம்மா. அண்ணன்கூடப் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

ஜனவரி 22, வியாழன்

ஜெயித்துவிட்டோம்! 31–29.

வரிசையாக எழுத வேண்டும். மதுரை அணி. முதல் ரெய்டிலேயே அவர்கள் பக்கம் மூலையில் நின்று பிடிக்கிறவள் மாரியின் இடது காலுக்குத்தான் பாய்ந்தாள். இரண்டாவது ரெய்டிலும் இடது கால். மூன்றாவதில் இரண்டு பேர் சேர்ந்து அதே முட்டியைப் பிடித்து முறுக்கினார்கள். மாரி தரையில் கிடந்து பல்லைக் கடித்தது எனக்குத் தெரிந்தது. பேன்ட்டுக்கு உள்ளே கட்டிய துணி, வெளியே ஒன்றும் தெரியாது. எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இடைவேளையில் ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தோம். மாரி என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். ‘எல்லாரும் இந்தக் காலத்தான் பாக்குறாக’ என்றாள். ‘அப்போ அதையே காட்டுவோம்.’

காட்டினாள்! இடது காலை நீட்டுவாள். அவர்கள் ஆசையோடு குனிவார்கள். குனிந்த தலையை வலது கையால் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். ஒரு தடவை இல்லை, ஆறு தடவை. அவர்களுக்குத் தெரிந்தும் குனிந்தார்கள். கடைசி ரெய்டில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டை விரலால் எட்டினாள், அப்போது அவள் முதுகில் மூன்று பேர் கிடந்தார்கள். நான் ஸ்கோர் நோட்டைத் தூக்கி எறிந்துவிட்டுக் கத்தினேன். நடுவர் என்னை எச்சரித்தார். எச்சரிக்கட்டும்.

இந்த ஜில்லாவில் இவளைப் போல ஒருத்தி இல்லை. எழுதி வைக்கிறேன், தேதியோடு.

ஜனவரி 23, வெள்ளி

காலையில் அண்ணன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். சிவகாசியில் அச்சகத்தில் மெஷின்மேன். காலண்டர் சீசன் முடிந்ததிலிருந்து அவனுக்கு எப்போதும் போன்தான். நான் போய் உட்கார்ந்ததும் கேட்டான்:

‘அவ முட்டி வீங்கியிருக்குன்னியே, பொய்யா?’

எனக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது.

செவ்வாய்க்கிழமை சாப்பாடு முடிந்த கையோடு தன் பந்தயக் குரூப்பில் போட்டிருக்கிறான். ‘உள் தகவல், உறுதி’ என்று. முந்நூறு பேர் உள்ள குரூப். எல்லாரும் மாரி தோற்பாள் என்று கட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து சேதி மதுரைக்குப் போக எம்புட்டு நேரம் ஆகும்?

‘அண்ணே, ஒனக்கு அறிவிருக்கா? அவ கால முறிக்கப் பாத்தாளுகளே, நான் கண்ணால பாத்தேன்ணே!’

‘நான் என்ன திருடவா செஞ்சேன்? நீதான சொன்ன. வேற நாட்டுல இதெல்லாம் ஆபீஸ் போட்டு நடத்துறான். நீயே அதத்தான பேசப் போற?’

பதில் வரவில்லை. எனக்கு! வாய் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போகும் எனக்கு.

நான் புகழ்ந்துதானே சொன்னேன்? அவளை மெச்சித்தானே— அதனால் என்ன? யாரிடமும் சொல்லாதே என்றுதான் அவள் கதவைச் சாத்தினாள். சாரிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று நானாக எடுத்துக்கொண்டேன். தப்பு என்னுதுதான். என்னுதுதான்.

ஜனவரி 24, சனி

போக வேண்டும். போகவில்லை.

ஜனவரி 25, ஞாயிறு

அச்சங்குளம் போனேன். மாரி ஆலையில் இருப்பாள், சாயங்காலம் பார்க்கலாம் என்று நினைத்துப் போனால் வீட்டில் இருந்தாள். முட்டியில் மஞ்சள் பற்றுப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்ள வேலைக்குப் போகாமல் இருந்த அவள் அம்மா அய்யம்மாள் ‘வாங்க தாயி, சாப்பிட்டீகளா?’ என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். மாரி தரையில் இருக்க நான் எப்படி நாற்காலியில் உட்காருவது? தரையிலேயே உட்கார்ந்தேன்.

நேற்று வேலைக்குப் போனவளைப் போர்மேன் கண்ணுச்சாமி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். அவரும் அந்தக் குரூப்பில் இருக்கிறார். ‘நொண்டிக் காலுன்னாக, ஆட்டத்துல என்னமா குதிக்கிற. ஒன்னால எனக்கு எம்புட்டு நட்டம் தெரியுமா?’ என்றாராம். அவள் போனில் யார் யாரோ அனுப்பியிருந்த செய்திகளைக் காட்டினாள். இரண்டு படித்தேன். மூன்றாவது படிக்க முடியவில்லை. ஜெயித்ததற்கு இவ்வளவு வசவு வாங்கிய ஆளை நான் பார்த்ததில்லை.

நான் வாய் திறப்பதற்குள் அவளே கேட்டாள். ‘வீட்ல சொன்னியா?’

‘சொன்னேன்.’

அவள் முட்டியில் காய்ந்திருந்த மஞ்சளைச் சுரண்டினாள். ஆடு ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. அழக் கூடாது என்று நினைத்தேன், அழுதுவிட்டேன்.

‘கெட்ட எண்ணத்துல சொல்லியிருக்க மாட்ட’ என்றாள். ‘தீப்பொறியும் கெட்ட எண்ணத்துல விழுறதில்ல கற்பகம்.’

அப்புறம் வேறு எதையோ சொல்வது போலச் சொன்னாள். ‘கம்பெனி விட்டதும் நாங்க சேலைய ஒதறி, கைகால் கழுவிட்டுத்தான் வேன்ல ஏறுவோம். எம்புட்டு அசதியா இருந்தாலும் சரி. வெடிமருந்து ஒரு துளி வீட்டுக்கு வரக் கூடாது. அடுப்பு இருக்கும், சின்னப் பிள்ளைக இருக்கும். நீ கழுவாமப் போயிட்ட.’

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து வரும்போது ‘பஸ்ஸுக்கு நேரமாச்சு, பாத்துப் போ’ என்றாள். நாளைக்கு வா என்று சொல்லவில்லை. எப்போதும் சொல்லுவாள்.

ஜனவரி 28, புதன்

மாரி கல்லூரிக்கு வந்தாள். ஸ்கோர் நோட்டை என்னிடமிருந்து வாங்கி இரண்டாமாண்டு முத்துப்பேச்சியிடம் கொடுத்தாள். ‘ஒனக்குப் பேச்சுப் போட்டி இருக்குல்ல’ என்றாள். காரணம் அதுவல்ல என்று இருவருக்கும் தெரியும்.

ஜனவரி 30, வெள்ளி

இன்று விவாதப் போட்டி. ஆறு கல்லூரிகள். அரங்கு நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் மாரி. முன் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்திருந்தாள்.

ஆதரவாக ஆரம்பித்தேன். தடை, திருட்டு, உரிமம், வரி, மேட். நன்றாகவே போனது. மேட் பாயின்ட்டுக்குக் கைதட்டல்கூட விழுந்தது. நடுவர் பேனாவை எடுத்தார். அப்போது நிறுத்திவிட்டேன்.

‘இதுவரை சொன்னது எனக்குச் சீட்டில் விழுந்தது. இனிமேல் சொல்வது என் வீட்டில் நடந்தது’ என்றேன். ஒரு விளையாட்டு வீராங்கனையின் காயத்தைத் தோழி ஒருத்தி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சொன்ன கதையைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை, எந்த ஆலை என்று சொல்லவில்லை. தோழியின் பெயரை மட்டும் சொன்னேன்: கற்பகவல்லி, பி.காம். மூன்றாமாண்டு. ‘உரிமம் கொடுத்தால் பந்தயம் நடத்துகிறவனைப் பிடிக்கலாம். என்னை எந்தச் சட்டத்தில் பிடிப்பீர்கள்? கல்லூரியில் ஆடுகிறவளோடுதான் பஸ்ஸில் வருகிறோம், சாப்பிடுகிறோம், காலுக்குத் துணி கட்டிவிடுகிறோம். அத்தனை பேர் வாயிலும் விலைச்சீட்டைத் தொங்கவிடாதீர்கள்.’ கதவில் எழுதிய நாலு பேரையும் உள்ளே இருக்கும் ஒன்பது பேரையும் சொன்னேன். ‘இது என் பாயின்ட் இல்லை, என்னைவிட நன்றாக யோசிக்கிறவள் சொன்னது’ என்பதையும் சொன்னேன்.

அணி மாறிப் பேசியதால் மதிப்பெண் இல்லை. எதிர்த்துப் பேச வந்த பையனுக்குப் பேச ஒன்றும் மிச்சமில்லை, பாவம், என்னை முறைத்துக்கொண்டே நின்றான். செல்லச்சாமி சார் ‘போட்டி நம்ம கைல இருந்துச்சே அம்மா’ என்று மட்டும் சொன்னார்.

வெளியே மாரி நின்றாள்.

‘ஒன்பதுன்னா சொன்ன? தீபாவளி சீசன்ல பதிமூணு’ என்றாள். சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது.

பிப்ரவரி 4, புதன்

கண்ணுச்சாமி திரும்ப வேலைக்குக் கூப்பிட்டு ஆள் அனுப்பினாராம். ஆர்டர் வந்திருக்கிறது, ஆள் போதவில்லை. மாரி முட்டி ஆறாமல் வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவரிடமே அதைச் சொல்ல எவ்வளவு தைரியம்! எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

பல்கலைக்கழக அணிக்கு மாரியை எடுத்துவிட்டார்கள். பதினெட்டாம் தேதி கிளம்புகிறார்கள். மைதானத்தை இரண்டு சுற்று ஓடினேன். நான்! ஸ்கோர் எழுதுகிறவள். முத்துப்பேச்சி நோட்டை என் மடியில் போட்டுவிட்டு ‘அக்கா குடுக்கச் சொன்னாக’ என்றாள். மாரி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வெயிலில் உட்கார்ந்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

பயிற்சி முடிந்ததும் மாரி உடை மாற்றும் அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். பேன்ட்டைச் சுருட்டிக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் வாசல் குழாயில் கைகால் கழுவினேன். முகமும் கழுவினேன். அண்ணன் உள்ளே இருந்து, ‘என்ன, ஒன் ஆளு கால் எப்படி இருக்காம்?’ என்றான்.

‘பசிக்குதுண்ணே, சோறு ஆயிருச்சா?’ என்றேன்.

முட்டி எப்படி இருந்தது என்று இதிலும் எழுதப்போவதில்லை.